மூன்றாம் நிரலில் பொலிஸ்

என்னோடு ஒரே வகுப்பு வாங்குகளில் இருந்து இங்கிலீஷ் படித்தவர்களே, போன மாதம் நீங்கள் சிரித்த சிரிப்புக்குப் பதிலாக இதை எழுதுகிறேன். அன்றே சொல்லியிருக்கலாம். நல்ல காரியம் நடக்கும் வீட்டில் வாயைத் திறந்தால் விருந்தைக் கெடுத்தவள் ஆவேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

ரொட்டி விற்ற பாண்காரரின் மகள் தன் பேத்தியின் சாமத்திய வீட்டுக்கு, அதாவது பூப்பு விழாவுக்கு, எங்கள் வகுப்பில் எஞ்சியிருப்பவர்களைத் தேடித் தேடி அழைத்திருந்தாள். ஒன்பது பேர் வந்திருந்தோம். சாப்பாடு முடிந்து வெற்றிலைத் தட்டம் சுற்றி வந்தபோது யாரோ ஒருத்தி கரண்டியால் கோப்பையில் தட்டி, எங்கள் இங்கிலீஷ் ரீச்சரின் குரலை அப்படியே எடுத்து, "த தீஃப் ரான் அவே" என்று தொடங்கினாள். மற்றவர்கள் ஒரே மூச்சில் "அண்ட் த பொலிஸ்!" என்று முடித்தீர்கள். பாண்காரரின் மகள் மேசையில் தாளம் போட்டு, "பட் த பொலிஸ், பிகோஸ் த பொலிஸ், வென் த பொலிஸ்" என்று அடுக்கிக்கொண்டே போனாள். கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள். எங்கள் பிள்ளைகள் என்னவோ ஏதோவென்று திரும்பிப் பார்த்தார்கள்.

சிரிக்காமல் இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி நான். மற்றவளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நீங்கள் மறந்துவிட்டீர்கள் என்று நான் நம்பவில்லை. அட்டவணையை இத்தனை துல்லியமாக நினைவில் வைத்திருப்பவர்கள் அதனால் நடந்ததை மட்டும் எப்படி மறந்தார்கள்?

எங்களுக்குப் பின் பிறந்தவர்களும் இதை வாசிக்கக்கூடும் என்பதால் அந்த அட்டவணையைச் சொல்லிவிடுகிறேன். ரீச்சர் கரும்பலகையில் இரண்டு நிலைக்குத்துக் கோடுகளை இழுத்து மூன்று நிரல்கள் ஆக்குவார். முதலாம் நிரலில் ஒருவர் செய்த காரியம். இரண்டாம் நிரலில் இணைப்புச் சொற்கள்: அண்ட், பட், பிகோஸ், வென், சோ. மூன்றாம் நிரலில் பொலிஸ்: பொலிஸ் வந்தது, பொலிஸ்காரர் துரத்தினார், இன்ஸ்பெக்டர் கேட்டார், பொலிஸ் பிடித்துக்கொண்டு போனது. ஒவ்வொரு நிரலிலிருந்தும் ஒன்றை எடுத்துக் கோத்தால் ஒரு வசனம். கிழமைக்குப் பத்து வசனம் வீட்டில் எழுதிவர வேண்டும்.

"ஏன் ரீச்சர் எப்பவும் பொலிஸ்?" என்று பாண்காரரின் மகள்தான் ஒருநாள் துணிந்து கேட்டாள்.

"மழை எண்டு போட்டா முப்பத்திரண்டு பேரும் மழை பெய்தது எண்டு எழுதிப்போட்டு நித்திரை கொள்ளுவியள். பொலிஸ் எண்டு போட்டா ஆளுக்கொரு கதை வருது. வருதோ இல்லையோ?"

வந்தது. அதுதான் உண்மை. மூன்றாம் நிரல் பலகையில் உள்ளபடியே இருக்க வேண்டும். முதலாம் நிரல் மட்டும் எங்களுடையது. "புத்தகத்தைப் பாத்து எழுதினா அடி விழும். வீட்டில கண்டதை, ஒழுங்கையில கண்டதை எழுதுங்கோ" என்பது ரீச்சரின் கட்டளை. ஆகவே நாங்கள் கண்டவர்களை எல்லாம் எழுதினோம். பாண்காரர் மணி அடித்தார், ஆனால் பொலிஸ்காரர் துரத்தினார். கோவில் ஐயர் ஆற்றில் குளித்தார், அப்போது இன்ஸ்பெக்டர் கேட்டார். சொந்தச் சித்தியைப் பிடித்துக்கொடுத்துவிட்டு ஒருத்தி வகுப்பில் எழுந்து நின்று வாசித்தாள். ரீச்சரே முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிச் சிரித்தார். அந்தப் பள்ளித் தவணை முடிவதற்குள் எங்கள் தெரு ஒழுங்கைகளில் பொலிஸ் பின்னால் வராத மனிதர் ஒருவரும் மிஞ்சவில்லை.

எங்கள் பயிற்சிக் கொப்பிகளின் தலையில் பிள்ளையார் சுழி இருக்கும். மீன்கார நானாவின் மகள் தன் கொப்பியில் பக்கத்துக்குப் பக்கம் எழுநூற்று எண்பத்தாறு என்று இலக்கம் போடுவாள். முஸ்லிம்களான அவர்களுக்கு அது இறைவனின் பெயரைச் சொல்லித் தொடங்குவதற்குச் சமம். இவற்றில் மட்டும் ரீச்சரின் சிவப்பு மை படாது. மற்ற எல்லாவற்றையும் அவர் திருத்துவார்.

பத்து வயதுப் பிள்ளைகளுக்கு, யார் எதைச் செய்தாலும் அடுத்த சொல்லுக்கு அப்பால் பொலிஸ் நிற்கிறது என்று கிழமைக்குப் பத்துத் தடவை எழுதப் பழக்கினார்கள். அதில் கெடுதல் இருக்கக்கூடும் என்று ஒரு பெரியவருக்கும் தோன்றவில்லை. பின்னாளில் எங்கள் ஊரில் வசனங்கள் உண்மையிலேயே அப்படி முடியத் தொடங்கியபோது, நாங்கள் எல்லோரும் எவ்வளவு சுலபமாக அதற்குப் பழகிப்போனோம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

வெள்ளைக்காரர் துறைமுகத்தைக் கையளித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்த பருவம் அது. சாம்பல் நிறக் கப்பல்கள் ஒவ்வொன்றாக வெளியேறின. காலையில் எழும்பிக் கடலைப் பார்த்தால் நேற்று நின்ற ஒன்று இராது. அவர்கள் விட்டுப்போன பொருள்கள் ஊருக்குள் இறங்கின. நங்கூரம் பொறித்த பீங்கான் கோப்பைகளில் தேத்தண்ணி குடித்தோம். கடற்படைக் கப்பல் தளமான டொக்யாட்டின் கூப்பிடு சங்கு மட்டும் முன்போலவே ஊதியது. ஆனால் அதைக் கேட்டு வேலைக்கு ஓடுகிறவர்களின் தொகை மாதத்துக்கு மாதம் குறைந்தது.

மாமாவுக்கு, அதாவது அம்மாவின் தம்பிக்கு, டொக்யாட்டின் கயிற்றுக் களஞ்சியத்தில் வேலை. அறுந்த வடங்களின் புரிகளைப் பிரித்து ஒன்றுக்குள் ஒன்று செருகி முடிச்சில்லாமல் இணைப்பதில் அவர் கைகாரர். இணைத்த இடத்தை நான் கண்ணை மூடிக்கொண்டு தடவிக் கண்டுபிடிக்க வேண்டும். தோற்றால் ஆறுதலுக்கு ஒரு தோடம்பழ இனிப்பு தருவார். வென்ற நாள் எனக்கு நினைவில்லை. அவருடைய சட்டையில் தாரும் சணலும் கலந்த மணம் எப்போதும் இருக்கும். அப்பா நான் நடக்கத் தொடங்கமுன்னரே காய்ச்சலில் போய்விட்டார். மாமாவின் சம்பளத்தில்தான் நாங்கள் மூவரும் சாப்பிட்டோம்.

கடற்படைக் கயிறு எதை எடுத்துப் பிரித்தாலும் உள்ளே ஒரு நீல நூல் ஓடும். அரசாங்கச் சொத்து என்பதற்கான அடையாளம் அது. களவெடுத்தால் எங்கே கொண்டுபோய் வெட்டினாலும் தெரிந்துவிடும். களஞ்சியத்துக்குப் பொறுப்பான வெள்ளைக்காரத் துரை கப்பலேறுவதற்கு முந்திய கிழமை, கழித்துவிட்ட கயிற்றில் ஒரு துண்டை மாமாவின் தோளில் தூக்கிப் போட்டு, கிணற்றுக்குக் கட்டிக்கொள் என்று சொல்லி அனுப்பினார். வாசற் காவலரும் சிரித்துக்கொண்டே வெளியே விட்டார்கள்.

"ஒரு துண்டுக் கடதாசி எழுதித் தாங்கோ எண்டு கேட்டிருக்கலாமே?" என்று அம்மா அன்றைக்கே கேட்டாள்.

"அன்பாத் தாற மனிசனிட்ட ரசீது கேக்கிறதோ அக்கா? வெக்கமா இருந்துது."

அந்தக் கயிறு எங்கள் கிணற்றுக்கு மிகப் பெரிது. சணல் மயிர்கள் உள்ளங்கையில் ஏறும். வாளி தண்ணீரில் விழுமுன் கயிற்றின் பாரமே அதை இழுத்துக்கொண்டு போகும். பக்கத்து வளவுப் பெண்கள் எங்கள் கிணற்றில் அள்ள வந்து, "கப்பல் இழுக்கிற கயித்தில கத்தரிக்காய்க்குத் தண்ணி அள்ளுற வீடு" என்று பகிடி பண்ணுவார்கள். ஊரே அறிந்த கயிறு அது.

துறைமுகத்தின் புதிய நிருவாகம் பழைய ஆட்களில் சிலரை மட்டும் வைத்துக்கொள்ளப்போவதாகச் செய்தி வந்தது. அதற்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் பொலிஸ் நற்சான்றிதழ் வேண்டும். அதற்கான விண்ணப்பப் படிவம் இங்கிலீஷில் இருந்தது. அதை நிரப்பியவள் நான். மாமாவின் பெயர், பிறந்த இடம், தொழில். என் கையெழுத்தை அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "பாரன் அக்கா, அச்சடிச்ச மாதிரி இருக்கு" என்றார். கொண்டுபோய்க் கொடுத்த நாளிலிருந்து அவர் சந்தியில் கடுதாசிச் சீட்டு விளையாடுவதைக்கூட நிறுத்திவிட்டார். பொலிஸ் கண்ணில் ஒரு தூசியும் படக்கூடாது என்று மனிதர் மூச்சை அடக்கிக்கொண்டு நடந்த மாதம் அது.

அந்த மாதத்தில்தான் நான் அந்த வசனத்தை எழுதினேன். ஒன்பது வசனம் எழுதியாகிவிட்டது. பத்தாவதுக்கு ஆள் கிடைக்கவில்லை. குசினி வாசலில் இருந்து பார்த்தபோது மாமா கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். முதலாம் நிரலுக்கு: என் மாமா துறைமுகத்திலிருந்து ஒரு கயிறு கொண்டுவந்தார். இரண்டாம் நிரலில் அண்ட் எடுத்தேன். மூன்றாம் நிரலில் மிகவும் சிறியதை எடுத்தேன், பசி வந்துவிட்டதால்: பொலிஸ் வந்தது. எழுதி மூடிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

ரீச்சர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். எங்கள் ஊர்ப் பொலிஸ் சார்ஜன்ற் வீட்டின் முன்னறையில் வாடகைக்கு இருந்தார். பின்னேரங்களில் விறாந்தைக் கதிரையில் இருந்து எங்கள் கொப்பிகளைத் திருத்துவார். பக்கத்துக் கதிரையில் சார்ஜன்ற் சட்டையில்லாமல் இருந்து, திருத்தி முடிந்தவற்றை எடுத்துப் பொழுதுபோக்குக்கு வாசிப்பார். தன் உத்தியோகம் எங்கள் கொப்பிகளில் படும் பாட்டைப் பார்த்து அவர் வயிறு குலுங்கச் சிரிப்பதை நாங்கள் வேலிக்கு இப்பால் நின்று கேட்டிருக்கிறோம். அதே நாட்களில், கையளிப்புக்காகக் களஞ்சியத்தை எண்ணியவர்கள் சில கயிற்றுச் சுருள்களைக் காணவில்லை என்று கண்டார்கள். ஆளைப் பிடித்துக் காட்டு என்று சார்ஜன்றுக்கு மேலிடத்து நெருக்குதல். அவருக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. ஆளோடு என் கொப்பி அவர் மடியில் விழுந்தது.

வெயில் சாயாத நேரத்தில் எங்கள் வீட்டுக்குச் சீருடையோடு வந்தார்.

"இது ஆற்ற கொப்பி பிள்ளை?"

"என்ர, சேர்."

"நீயே எழுதினதோ, ஆரும் சொல்லித் தந்ததோ?"

"நானே எழுதினது." பாராட்டப் போகிறார் என்று நினைத்தேன். அந்த நினைப்பை நான் இன்னும் எனக்கு மன்னிக்கவில்லை.

கிணற்றடிக்குப் போனார். பேனாக் கத்தியால் கயிற்றின் முனையை நெகிழ்த்தி, நீல நூலை இரண்டு விரலால் இழுத்து அம்மாவுக்குக் காட்டினார். "இதென்னெண்டு தெரியுமோ? அரசாங்கம்."

"ஐயா, அது கழிச்சு விட்டது. துரைதான் குடுத்தவர்."

"எந்தத் துரை? கூப்பிடுங்கோ, கேப்பம்."

"அவர் கப்பலேறிப் போட்டார் ஐயா."

"அப்ப கப்பலைத்தான் கூப்பிட வேணும்."

நான் இடையில் புகுந்தேன். "சேர், அது ரீச்சர் பலகையில போட்டது. பொலிஸ் எண்டு எல்லாரும்தான் எழுதினவை. எல்லாற்ற கொப்பியிலும் இருக்கு!"

அவர் குனிந்து என் முகத்துக்கு நேரே முகத்தை வைத்துச் சொன்னார்: "அப்பிடியே? சரி. நாளைக்கு வகுப்புக்கு வாறன். எல்லாற்ற கொப்பியையும் பாப்பம். இருந்தா உன்ர மாமாவுக்கு நல்லது."

வேலை முடிந்து படலையைத் திறந்துகொண்டு வந்த மாமாவை, கால் கழுவவும் விடாமல் அழைத்துக்கொண்டு போனார். கிணற்றுக் கயிற்றையும் அறுத்து எடுத்துக்கொண்டார்.

அம்மா ஒரு சொல்லும் என்னைத் திட்டவில்லை. கொப்பியில் இருந்தது வெறும் பயிற்சி என்று நான் எத்தனை தடவை சொல்லியும் அவளுக்கு ஏறவில்லை. எங்கள் வீட்டுக்கு இங்கிலீஷில் வந்த கடதாசிகள் அவளுக்குத் தெரியும்: ஆசுபத்திரியிலிருந்து அப்பாவின் சாவைச் சொன்னது, காணியை விட்டு எழும்பச் சொல்லி அறிவித்தது, இந்தப் படிவம். இங்கிலீஷில் விளையாட்டாக ஒன்றை எழுதலாம் என்று அவள் வாழ்க்கையில் கண்டதில்லை. எங்கள் ஒழுங்கையில் எவரும் கண்டதில்லை. எழுதினால் அது நடந்ததுதான். நடக்காவிட்டால் இனி நடக்கும்.

மாமாவுக்குச் சோறு கொண்டுபோகிறேன் என்று பெட்டியோடு இறங்கியவள் பொழுதுபட்ட பிறகுதான் திரும்பினாள். பெட்டியின் கனம் குறையவில்லை. "உள்ள விடேல்லை" என்றாள். முழங்கால்வரை புழுதி. அன்று மாலை ஒழுங்கை முழுவதும் ஒரு மணம் வந்தது; சிரட்டைக் கரியின் மணமல்ல, பனங்கொட்டை ஊமல் புகையுமல்ல. கடதாசி எரியும் மணம். ஒரு குசினியிலிருந்து என்றால் கவனித்திருக்க மாட்டேன். எல்லாக் குசினியிலிருந்தும் வந்தது.

மறுநாள் காலை சார்ஜன்ற் சொன்னபடி வகுப்புக்கு வந்தார். கரும்பலகை கழுவித் துடைத்து இன்னும் ஈரமாக இருந்தது. மூன்றாம் நிரலில் மழை, வெயில், பசுமாடு. நீங்கள் எல்லோரும் எழுந்து நின்றீர்கள். நினைவிருக்கிறதா, நீங்கள் சொன்னவை?

"துலைஞ்சு போச்சு சேர்."

"தண்ணிக்குள்ள விழுந்திட்டுது."

"மாடு திண்டிட்டுது சேர்." இதைப் பாண்காரரின் மகள் சொன்னாள். அவள் வீட்டில் மாடு கிடையாது. அவளுக்குப் பிறகு நான்கு பேர் மாட்டையே சொன்னீர்கள். மீன்கார நானாவின் மகள் அன்று வரவில்லை.

"ஊரில உள்ள கொப்பியெல்லாம் மாடு திண்டிருக்கு. இவளின்ர கொப்பி மட்டும் மாட்டுக்கு ருசிக்கேல்லைப் போல" என்றார் சார்ஜன்ற். நீங்கள் சிரித்தீர்கள். பயத்தில் சிரித்தீர்கள் என்று இப்போது விளங்குகிறது. அன்று விளங்கவில்லை.

பிறகு அவர் ரீச்சரிடம் திரும்பினார். "ரீச்சர், இப்பிடி எழுதச் சொல்லி நீங்கள் சொன்னதெண்டு இந்தப் பிள்ளை சொல்லுது."

ரீச்சர் வெண்கட்டியை மேசையில் வைத்தார். கையைக் கைக்குட்டையால் துடைத்தார். என்னைப் பார்க்கவில்லை. "நான் வசனம் இணைக்கத்தான் படிப்பிச்சனான். அதுக்குள்ள என்ன எழுதினவை எண்டது பிள்ளையளின்ர பொறுப்பு."

இந்தப் பதிலை நான் பின்னாளில், பட்டம் பெற்று உத்தியோகம் பார்த்த இடங்களில், எத்தனையோ நாகரிகமான வாய்களிலிருந்து கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அந்த ஈரப் பலகை கண்முன் வந்தது. கயிறு என் பொறுப்பு, ஒத்துக்கொள்கிறேன். பொலிஸ் யாருடைய நிரல்? தன் கையால் எழுதி, தன் கையால் கழுவிய நிரலை அவர் பத்து வயதுப் பிள்ளையின் தலையில் வைத்தார். சார்ஜன்றின் வீட்டில் வாடகைக்கு இருக்கும் தனிப் பெண், இடமாற்றத்துக்குப் பயந்தவர் என்றெல்லாம் அவருக்காக நானே வாதாடிப் பார்த்திருக்கிறேன். எல்லாம் நியாயமே. அந்த நியாயம் எதுவும் மாமாவுக்கு உதவவில்லை.

மூன்றாம் நாள் என்னைப் பொலிஸுக்கு அழைத்தார்கள். அம்மாவை வெளி வாசலில் நிறுத்திவிட்டு என்னை மட்டும் உள்ளே கொண்டுபோய், கால் நிலத்தில் முட்டாத உயரக் கதிரையில் இருத்தினார்கள். ஒரு வெள்ளைத் தாளைத் தந்து, கொப்பியில் இருந்த பத்தாவது வசனத்தை மட்டும் பார்த்து எழுதி, கீழே பெயர் போடச் சொன்னார் சார்ஜன்ற். மற்ற ஒன்பதையும் எழுதட்டுமா என்று கேட்டேன். தேவையில்லை என்றார். நான் எழுதினேன். கோணாமல், மை சிந்தாமல், அச்சடித்த மாதிரி எழுதினேன்.

அன்று பின்னேரம் மாமாவை விட்டார்கள். வழக்கு இல்லை, ஒரு கிணற்றுக் கயிற்றை வைத்து எந்த நீதவானிடம் போவது? ஆனால் மேலிடத்துக்குக் காட்ட ஒரு பெயர் கிடைத்துவிட்டது. மாமாவின் ஒரு காது வீங்கிக் கறுத்திருந்தது. கையில் அந்தப் படிவம். நான் நிரப்பிய எழுத்துகளுக்குக் கீழே சிவப்பு மையில் ஒரு வரி.

"வாசி பிள்ளை" என்றார், வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்த பிறகு.

அரசாங்கச் சொத்துத் தொடர்பாக விசாரிக்கப்பட்டவர், பரிந்துரைக்க முடியாது என்று வாசித்துச் சொன்னேன்.

"சரி. இப்ப நீ எழுதினதை வாசி."

அம்மா, "வேண்டாமடா" என்றாள். அவர் கையைக் காட்டி அவளை நிறுத்தினார். பொலிஸில் திருப்பித் தந்த கொப்பியைத் திறந்து வாசித்தேன். இன்னொருக்கா என்றார். என்னோடு சேர்ந்து ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிப் பார்த்தார். நாலைந்து தடவையில் அவருக்குப் பாடமாகிவிட்டது.

"வடிவா எழுதியிருக்கிறாய்" என்றார். அவர் குத்திக்காட்டவில்லை. அப்படி ஒரு பழக்கம் அவரிடம் இல்லை. அதனால்தான் அந்தச் சொல் இன்னும் ஆறவில்லை.

புதிய நிருவாகம் வைத்துக்கொண்டவர்களின் பெயர்ப் பட்டியலில் அவர் இல்லை. அடுத்த மாதம் வெருகலுக்குப் போனார். அங்கே ஆற்றைக் கடக்க மனிதரையும் வண்டிகளையும் ஏற்றிக் கயிற்றால் இழுக்கும் மிதவையில் வேலை. கலியாணம் செய்து அங்கேயே தங்கிவிட்டார். எனக்குப் பல்கலைக்கழகம் கிடைத்ததைச் சொல்லப் போனபோது, முருகன் கோவில் வாசலில் நின்ற தன் பிள்ளைகளைக் கூப்பிட்டு, "மச்சாள் இங்கிலீஷ் படிச்சவ. அப்பாவுக்கும் தெரியும் எண்டு காட்டட்டோ?" என்று கேட்டுவிட்டு, மார்பை நிமிர்த்திச் சொன்னார்:

"மை அங்கிள் புரோட் எ ரோப் ஃப்ரம் த ஹாபர் அண்ட் த பொலிஸ் கேம்."

பிள்ளைகள் கைதட்டினார்கள். பொருள் என்னவென்று மூத்தவன் கேட்டான். "அது பெரிய ஆக்களுக்கு" என்றார் மாமா. அவர் போய்ச் சேர்ந்து பல வருடங்களாகின்றன. தகப்பனுக்கு இங்கிலீஷ் தெரியும் என்று அந்தப் பிள்ளைகள் இன்றும் சொல்வதாகக் கேள்வி.

இவ்வளவு காலமும் என் கோபத்தின் பெரிய பங்கு உங்களுக்கே இருந்தது. உங்கள் வீடுகள் கொப்பிகளை எரிக்காமல் இருந்திருந்தால், ஊரில் உள்ள பாதிப்பேரை நாங்கள் பொலிஸில் பிடித்துக்கொடுத்திருக்கிறோம் என்பது அந்தக் காலையிலேயே வெளிச்சமாகியிருக்கும். மாமா அந்தப் பாதியில் ஒருவராகிச் சிரிப்போடு தப்பியிருப்பார். ஒரு கொப்பி மட்டும் மிஞ்சியதால்தான் அது சாட்சியாயிற்று. கோழைகள் என்று உங்களை நான் மனத்துக்குள் எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியாது.

சாமத்திய வீட்டில் நான் எழுந்து வெளியே வந்தபோது, சிரிக்காத மற்றவள் பின்னால் வந்தாள். மீன்கார நானாவின் மகள். மூதூரிலிருந்து குடா கடந்து வந்திருந்தாள்.

"நீ சிரிக்கல்ல" என்றாள்.

"நீயும்தான்."

"எனக்கு என்ன சிரிப்பு? எங்கட வாப்பா கண் மூடி மௌத்தாகுமட்டும் அதச் சொல்லி நொந்தவர்." தோளிலிருந்த பையைத் திறந்தபடி நின்றாள். "ஒங்கட உம்மா அண்டைக்கு ஒவ்வொரு வீடா ஏறி இறங்கினது ஒனக்குத் தெரியும்தானே?"

தெரியாது என்றேன்.

"கையில சோத்துப் பெட்டி. 'நாளைக்கு சார்ஜன்ற் கொப்பி பாக்க வாறார், பிள்ளையின்ர கொப்பியை எரிச்சுப் போடுங்கோ, எங்களுக்கு வந்தது உங்களுக்கு வரவேண்டாம்' எண்டு கும்பிட்டா. எங்கட உம்மா அடுப்புக்குக் கொண்டு போயிட்டா. வாப்பா பறிச்செடுத்தார். எழுநூற்று எண்பத்தாறு எழுதின கடதாசிய நெருப்பில போட ஏலாது எண்டார். அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வெச்சார். என்னையும் பள்ளிக்கு விடல்ல."

"பிறகு?"

"ரெண்டு நாள் மனிசன் சாப்பிடல்ல. மூணாம் நாள் என்னை வாசிச்சுக் காட்டச் சொன்னார். நான் வாசிச்சன். 'அப்ப அந்தப் புள்ள சொன்னது உண்மைதானே' எண்டு கொப்பிய சாரத்தில செருகிக்கொண்டு பொலிசுக்குப் போனார். வாசல்ல ஒங்கட உம்மா நிண்டா. 'நானா, உங்களுக்கும் குமர்ப்பிள்ளையள் இருக்கு, தெரிஞ்சு தெரிஞ்சு கொண்டுபோய்க் குடுக்காதேங்கோ' எண்டு வழிய மறிச்சு, அழுது, திருப்பி அனுப்பிட்டா."

நான் உள்ளே உயரக் கதிரையில் இருந்து அந்த வசனத்தைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்த நேரம் அது.

அவள் பையிலிருந்து எடுத்துத் தந்ததை இப்போது மேசையில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பழுப்பேறிய கொப்பி. ஒவ்வொரு பக்கத் தலையிலும் எழுநூற்று எண்பத்தாறு. அதே கிழமையின் பத்து வசனங்கள். ஏழாவது: என் வாப்பா தராசை ஒளித்தார், ஏனெனில் பொலிஸ் வந்தது. பக்கத்தில் ரீச்சரின் சிவப்பு மையில் சரி அடையாளம், கீழே அவருடைய சுருக்கக் கையொப்பம்.

இந்த ஒரு கொப்பி சார்ஜன்றின் கையைத் தடுத்திருக்குமா? நிச்சயமாகச் சொல்ல எனக்குத் துணிவில்லை. அவருக்கு உண்மை தேவைப்படவில்லை. ஆனால் மேலிடத்துக்குப் போகும் தாளில் என் ஒரு வசனத்தை மட்டும் வைக்க அவர் தயங்கியிருப்பார் என்று நினைக்கிறேன். அம்மா அதை வாசலில் நின்று திருப்பி அனுப்பினாள். ஊரார் வீடுகளைக் காப்பாற்றிவிட்டேன் என்ற நிம்மதியோடு வாழ்ந்து, அந்த நிம்மதியோடு போனாள். அவளைக் கோபிக்க முடியவில்லை என்று எழுதினால் பொய்யாகும். இரண்டு கிழமை கோபித்தேன். பிறகு, ஒரு தாயை அப்படி ஓடவைத்தவர்களிடம் அந்தக் கோபத்தைத் திருப்பிக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். விளையாட்டுக்கு எழுதுவித்துவிட்டு வினை வந்ததும் பலகையைக் கழுவியவரிடம். எல்லாம் தெரிந்தும் ஒன்பது வசனத்தைத் தள்ளிவிட்டுப் பத்தாவதைக் கேட்டவரிடம். அவர்கள் இருவரும் இன்று இல்லை. கோபம் இருக்கிறது.

உங்களைக் கோழைகள் என்று நினைத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். சிரித்ததை மன்னிக்கவில்லை.

தை மாதம் நாங்கள் மறுபடியும் சேர்வதாகப் பேச்சு இருக்கிறது. வெருகலிலிருந்து மாமாவின் மூத்த மகனையும் நான் அழைத்து வருகிறேன். இந்தக் கொப்பியையும் கொண்டு வருகிறேன். யாராவது கோப்பையில் தட்டி அந்த அட்டவணையைத் தொடங்குங்கள். இம்முறை எழுந்து போகமாட்டேன். ஆனால் பாடி முடித்ததும், அந்தக் கிழமை முதலாம் நிரலில் யாரை எழுதினீர்கள் என்று ஒவ்வொருத்தியும் மாமாவின் மகன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். மாடு தின்றுவிட்டது என்று ஒருத்தியும் சொல்லக்கூடாது.